வேட்டித் திரைக்கு அந்தப் பக்கம்: செஞ்சியில் நான்கு நாட்கள்

முதல் நாள், வியாழன் இரவு

திண்டிவனத்தில் பேருந்து மேற்கே திரும்பியதும் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டேன். கொஞ்ச தூரத்துக்கு வயலும் புளியமரமும்தான். அப்புறம் பாறைகள் தொடங்கிவிடும். மலை என்றுகூடச் சொல்ல வராது. யானை யானையாகக் கற்களை யாரோ கொண்டுவந்து கொட்டிவிட்டு, அடுக்க நேரமில்லாமல் போய்விட்ட மாதிரி இருக்கும். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது இதே வழியில் போன ஒரு நாள் அண்ணன் சொன்னான்: "பாப்பா, இதெல்லாம் தேசிங்குராஜா குதிரை மிதிச்சு உருண்ட கல்லு." நம்பினேன். நாற்பது வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் அந்தப் பாறைகள் தெரிய ஆரம்பித்ததும் முதலில் மனதில் ஓடியது குதிரைதான்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு செய்தி. 2025 ஜூலையில் யுனெஸ்கோ 12 மராட்டியக் கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது செஞ்சி. அன்று ராத்திரியே விழுப்புரத்திலிருந்து அண்ணன் போன் பண்ணினான். "நம்ம கோட்டை, பாப்பா" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். 1921-லேயே தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இடம்தான் இது. ஆனால் எங்கள் இருவருக்கும் அது தாத்தாவின் வாயில் இருந்த ஊர். அங்கே நாங்கள் நேரில் போனது ஒரே ஒரு முறை, பள்ளிக்கூட வயதில், அரை நாள்.

தாத்தா வீடு திண்டிவனத்துக்குப் பக்கத்தில். கோடை விடுமுறையில் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து மல்லாட்டை (நிலக்கடலை) உரித்துக்கொண்டே கதை சொல்வார். அவரிடம் செஞ்சியை ஆண்ட தேசிங்குராஜன் கதையின் பெரிய எழுத்துப் புத்தகம் ஒன்று இருந்தது. அட்டை கிழிந்து, முதல் சில பக்கங்களும் போய்விட்டிருந்தன. அதை அவர் பிரித்து நான் பார்த்ததில்லை. மடியில் வைத்துக்கொண்டு பாதி பாட்டாகவும் பாதி பேச்சாகவும் சொல்வார். டில்லி பாதுஷாவிடம் யாராலும் ஏற முடியாத குதிரை ஒன்று இருக்கிறது. பெயர் பாராசாரி. அதில் ஏறத் தோற்ற தேரணி மகாராஜாவை பாதுஷா சிறையில் வைக்கிறான். அப்பனை மீட்க மகன் தேசிங்கு கிளம்பிப் போகிறான், சின்னப் பையன். ஏறுகிறான். குதிரை வானத்துக்கும் பூமிக்குமாகப் பாய்கிறது, இவன் விழவில்லை. அப்பனுக்கு விடுதலை, குதிரை இவனுக்கே, கூடவே ஒரு பெண்ணையும் கட்டிவைக்கிறார்கள். அந்த இடத்தில் தாத்தா மடியில் இருக்கும் மல்லாட்டைத் தோலை உதறிவிட்டு எழுந்துவிடுவார். தோல் திண்ணையெல்லாம் சிதறும். மீதிக் கதை நாளைக்கு.

மறுநாள் காலையில் நாங்கள் அதை விளையாடுவோம். அண்ணன்தான் தேசிங்கு. எதிர்வீட்டுப் பையன் மகமத்கான். கதையில் அவன் தேசிங்குவின் உயிர்த் தோழன், தன் கல்யாணத்தை நடுவில் விட்டுவிட்டு நண்பனுக்காகப் போருக்கு வருகிறவன். நான் ராணிபாய். தாத்தா சொன்ன கதையில் நல்ல நேரம் வரும்வரை புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்க்கக் கூடாது, நடுவில் திரை உண்டு. அதனால் தாத்தாவின் பழைய வேட்டியை முற்றத்துக் கொடியில் போடுவார்கள். நான் அதற்குப் பின்னால் உட்கார வேண்டும். தேசிங்கு போருக்குக் கிளம்பும்போது திரைக்கு அடியில் கையை நீட்டி வெற்றிலை கொடுக்க வேண்டும். வெற்றிலை என்பது பூவரசு இலை. அவ்வளவுதான் என் வேலை. அப்புறம் போர் களத்துமேட்டில் நடக்கும். எனக்குச் சத்தம் மட்டும் கேட்கும். நான் குதிரையாக வருகிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். குதிரைக்கு வேப்பங்கொம்பு இருக்கிறது, நீ உட்காரு என்றார்கள்.

இன்று சாயங்காலம் செஞ்சி பேருந்து நிலையத்தில் அண்ணன் வெள்ளை வேட்டி, தோளில் துண்டோடு நின்றுகொண்டிருந்தான். முட்டி வலிக்கு நீலப் பட்டை போட்டிருக்கிறான். அறைக்கு வந்ததும் கட்டிலில் சம்மணம் போட்டு என் மகனுக்குக் கதை முழுவதையும் சொன்னான். மகன் இதைக் கேட்டதே இல்லை. நான் சொல்லாமல் விட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கதை முடிந்ததும் அவன் கேட்டான்: "மாமா, சாகும்போது தேசிங்குக்கு எத்தனை வயசு?"

அண்ணன் யோசித்தான். "ராஜாடா அவரு. பெரியவராத்தான் இருந்திருப்பாரு."

எனக்கு விடை தெரியும். எப்போதோ படித்தது. ஏனோ இன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை.

இரண்டாம் நாள், வெள்ளி இரவு

கால் இரண்டும் கல்லாகக் கனக்கிறது. எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

9 மணிக்கு வாசலில் நின்றோம். கோட்டையின் பெரிய மலையான ராஜகிரி மேல் 3 மணிவரை ஏற விடுவார்கள் என்பதால் கீழே இருப்பதை முதலில் ஒரு சுற்றுப் பார்த்தோம். கல்யாண மகால், தானியக் களஞ்சியம், உடற்பயிற்சிக் கூடம், யானைக்குளம்.

சின்ன வயதில் பார்த்த இடம் நாம் வளர்ந்த பிறகு சிறுத்துவிடும் என்பார்கள். தாத்தா வீட்டு முற்றம் அப்படித்தான் சிறுத்துப்போனது. செஞ்சி சிறுக்கவில்லை. களஞ்சியத்துக்குள் நுழைந்தபோது என் செருப்புச் சத்தமே வேறு யாரோ எதிரே வருகிற மாதிரிக் கேட்டது. மூன்று மலைகளையும் இணைத்து ஓடும் மதில் 13 கிலோமீட்டர் நீளம். அதற்குள் அடங்கிய நிலம் 11 சதுர கிலோமீட்டர். எங்கே நின்று பார்த்தாலும் மதில் பாறை மேல் ஏறி, மறுபக்கம் இறங்கிக் காணாமல் போகிறது.

கல்யாண மகாலில்தான் அதிக நேரம் நின்றேன். நடுவில் கூம்புக் கூரையோடு அடுக்கடுக்காக எழும் கோபுரம், சுற்றிலும் முற்றம், முற்றத்தைச் சுற்றி அறைகள். பள்ளிக்கூட வயதில் வந்தபோது இதைத் தேசிங்குவின் கல்யாண வீடு என்று முடிவுகட்டிக்கொண்டு, திரை கட்டிய இடம் எது என்று தூண் தூணாகப் போய்த் தேடினேன். வளையம் மாட்டிய ஓட்டையாவது இருக்கும் என்று நம்பினேன். உண்மையில் இது நாயக்கர் காலத்துக் கட்டடம். தேசிங்கு பிறப்பதற்கு வெகு காலம் முன்பே எழுந்தது. இது தெரிந்த பிறகும் இன்றைக்கு என் கண் தூணில் ஓட்டையைத் தேடியது.

ராஜகிரி சுமார் 800 அடி உயரம். படிகள் ஒரே அளவில் இல்லை. சில இடங்களில் முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வைக்க வேண்டும். குரங்குகள் தண்ணீர்ப் பாட்டிலைப் பார்த்தால் விடுவதில்லை. வழியில் கமலக்கன்னியம்மன் கோயில் வரும். அங்கே வந்ததும் அண்ணன் உட்கார்ந்துவிட்டான். முட்டியைத் தேய்த்துக்கொண்டே, "நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்க காவல் இருக்கறேன்" என்றான். களத்துமேட்டில் முதல் ஆளாக ஓடுகிற அண்ணன். அவன் முகத்தைப் பார்க்காமல் படியைப் பார்த்துக்கொண்டே ஏறினேன்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மலை பிளந்து நிற்கிறது. இயற்கையாகவே ஏற்பட்ட பிளவு, 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன்மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் போதும், அந்தப் பக்கம் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களே கோட்டையைக் காப்பாற்றிவிடலாம். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-ல் முற்றுகையைத் தொடங்கியவர், 1698-ல்தான் இதைப் பிடிக்க முடிந்தது. எட்டு ஆண்டு. முற்றுகைக்குள் இருந்தவர் சிவாஜியின் இளைய மகன் ராஜாராம். 1677-ல் அப்பா பிடித்த கோட்டைக்கு, ராய்கட் கோட்டையை விட்டுத் தப்பி, மாறுவேடத்தில் தெற்கே வந்து சேர்ந்தார். 1689-ல் இங்கே வந்தபோது அவருக்கு 19 வயது. கோட்டை விழுவதற்கு முன் நழுவிப் போய்விட்டார். 30 வயதில் இறந்தும் போனார். அவரைப் பற்றித் தாத்தா ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

மகன் எனக்கு முன்னால் ஓடிப்போய்ப் பாலத்தின் நடுவில் நின்றான். குனிந்து பிளவுக்குள் எட்டிப் பார்த்தான். திரும்பி, "வாம்மா, ஒண்ணும் ஆவாது" என்று சிரித்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மீசை இன்னும் சரியாக அடர்த்தி ஆகவில்லை. அவனுக்கு 22 வயது.

தேசிங்கு செத்தபோதும் 22 வயதுதான்.

இந்த எண் எனக்குப் பல வருஷமாகத் தெரியும். தெரிந்ததுதான், ஆனால் அந்தப் பாலத்தில்தான் அது வயிற்றில் விழுந்தது. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். மகன் எனக்கு உயரம் பயம் என்று நினைத்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

சரித்திரத்தில் இருப்பது சின்னக் கதை. தேசிங்கின் பெயர் தேஜ் சிங். அப்பா சொரூப் சிங், புந்தேலா ராஜபுத்திரர். மொகலாயர்கள் கோட்டையைப் பிடித்த பிறகு 1700-ஐ ஒட்டி அவர் இங்கே கோட்டைத் தலைவராக வந்தார். 1714-ல் இறந்தார். கட்ட வேண்டிய பாக்கிப் பணத்தை ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கேட்டார். மகன் கொடுக்க மறுத்தான். 1714 அக்டோபர் 3-ம் தேதி சண்டை. இவன் பக்கம் சுமார் 350 குதிரை வீரர்கள் என்கிறார்கள். நவாப் பக்கம் பல ஆயிரம் பேர். வெள்ளம் ஓடிய ஆற்றைக் கடந்து போய் மோதினான். தோழனும் செத்தான், குதிரையும் செத்தது. தாத்தாவின் கதையில் தேசிங்கு தன் வாளை மேலே எறிந்து தானே நெஞ்சில் ஏந்திக்கொள்வான். உண்மையில் துப்பாக்கிக் குண்டு. ஆண்டது மொத்தம் பத்து மாதம்.

உச்சியில் ரங்கநாதர் கோயிலும் மணிக்கூண்டும் இருக்கின்றன. 7560 என்று எண் பொறித்த பீரங்கி ஒன்று துருப்பிடிக்காமல் கிடக்கிறது. அந்த எண்ணைத் தடவிப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று வெயிலில் சுட்டது, இன்றும் சுட்டது. மணிக்கூண்டிலிருந்து பார்த்தால் ஊர், ஏரி, வயல், திருவண்ணாமலை சாலையில் எறும்பாக ஊரும் லாரிகள். சாலைக்கு அந்தப் பக்கம் கோட்டையின் இன்னொரு மலை, கிருஷ்ணகிரி. மகன் வெகு நேரம் உட்கார்ந்திருந்தான். "இங்க இருந்து பாத்தா எல்லாமே நம்மளதுன்னு தோணும்ல" என்றான்.

இறங்கி வந்தபோது அண்ணன் அதே படியில் இருந்தான்.

"பாப்பா, மேல இன்னா இருந்துச்சு?"

பீரங்கியைச் சொன்னேன், பாலத்தைச் சொன்னேன். அப்புறம், "அவனுக்கு 22 வயசுதான் அண்ணே" என்றேன்.

அண்ணன் என் மகனைப் பார்த்தான். அவன் கொஞ்சம் தள்ளி நின்று ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"தாத்தா சொல்லவே இல்லியே."

கொஞ்சம் படி இறங்கியதும் அவனே சொன்னான்: "சொல்லியிருந்தாலும் நமக்கு அது பெரிய வயசாத்தான் இருந்திருக்கும்."

மூன்றாம் நாள், சனி இரவு

காலையில் சிங்கவரம். செஞ்சிக்கு வடக்கே கொஞ்ச தூரம்தான். குன்றின் மேல் பாறையைக் குடைந்த பல்லவர் காலத்துக் கோயில். உள்ளே ரங்கநாதர் பாறையிலேயே செதுக்கப்பட்டுப் படுத்திருக்கிறார். தீப வெளிச்சம் பாதத்திலிருந்து முகம்வரை போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகிறது, அவ்வளவு நீளம். தேசிங்கின் குலதெய்வம் இவர்தான் என்பது கதை. போருக்குப் போக உத்தரவு கேட்டு வந்து நின்றானாம். சாமி வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அதனால்தான் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

தாத்தா இந்த இடத்தைச் சொல்லும்போது குரலை உயர்த்துவார். சாமியே தடுத்தும் கேட்காமல் போனான் பார், அதுதான் வீரம். எங்களுக்குப் புல்லரிக்கும். இன்று தீபாராதனையில் அந்தத் திரும்பிய முகத்தைப் பார்த்தபோது எனக்குப் பட்டது வேறு. சொன்னால் கேட்கப்போவதில்லை என்று தெரிந்துபோன ஒரு பெரியவர், போகிற பிள்ளையைப் பார்க்கத் தாங்காமல் முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டிருக்கிறார். பிள்ளை பெற்றவர்கள் யாரும் இந்த முகத்தை அடையாளம் கண்டுகொள்வார்கள். மகன் பக்கத்தில் கை கூப்பி நின்றான். ரொம்ப நேரம் வேண்டிக்கொண்டேன்.

திரும்பி வந்து வெங்கடரமணர் கோயிலுக்குப் போனோம். ராஜகோபுர வாசலில் ராமாயணமும் பாற்கடல் கடைவதும் கல்லில் இருக்கின்றன, கட்டாயம் நின்று பார்க்க வேண்டியவை. உள்ளே பல இடங்களில் தூண்கள் இல்லை. 1750-ல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் அவை போனவை. புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுக் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து போனவைதான். எத்தனை தடவை அவற்றின் மேல் சாய்ந்து மல்லாட்டைப் பொட்டலம் பிரித்திருக்கிறோம்! சாதத்துல்லா கானின் பள்ளிவாசலையும் பார்த்தோம். சண்டை முடிந்து மூன்று நான்கு ஆண்டுகளுக்குள், 1717–18-ல் கட்டியது. அமைதியான இடம்.

மதியத்துக்கு மேல் அண்ணனும் மகனும் நீலாம்பூண்டிக்குக் கிளம்பினார்கள். மகமத்கானும் குதிரையும் அடக்கமான இடம் அது என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். ஆட்டோவில் இடம் இருந்தது. நான் போகவில்லை. செட்டிகுளத்துக்குத் தனியாகப் போனேன்.

ராஜகிரி அடிவாரத்தில் இருக்கும் குளம் இது. தேசிங்கின் உடலை எரித்தது இதன் கரையில்தான் என்கிறார்கள். ராணியும் அதே தீயில் இறங்கினாள். நான் பள்ளிக்கூட வயதில் வந்தபோது இங்கே நின்ற நினைவே இல்லை. பக்கத்தில் இருக்கும் கைதிகள் கிணறுதான் நினைவிருக்கிறது. பெரிய பாறையில் ஒரு பள்ளம், கைதிகளை அதில் தள்ளிப் பட்டினியில் சாக விடுவார்களாம். நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் அதைத்தான் எட்டி எட்டிப் பார்த்தோம்.

குளக்கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தண்ணீரில் ராஜகிரி தலைகீழாகத் தெரிந்தது. நேற்றிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

பையன் ஒருவன் வளர்ந்து ஆளாகிற கதைகள் எனக்கு எப்போதும் பிடிக்கும். அந்தக் கதைகளில் எல்லாம் ஒரு தெரு இருக்கும், ஒரு மழை நாள் இருக்கும், முதல் தடவை வீட்டை விட்டுப் போன ஒரு பயணம் இருக்கும். படிக்கும்போது நெஞ்சு அடைக்கும். ஆனால் அந்த ஏக்கம் கதைக்குள் இருக்கும் பையனுடையது அல்ல. அவனுக்கு அது வெறும் செவ்வாய்க்கிழமை. ஏக்கம், வளர்ந்து முடித்து, உயிரோடு இருந்து, திரும்பிப் பார்க்கிறவருடையது. பத்து வயதில் எனக்குப் பத்து வயதைப் பற்றி எந்த ஏக்கமும் இல்லை. வேட்டிக்குப் பின்னால் சலிப்பும் கோபமும்தான் இருந்தன. முற்றம், வேட்டியில் விழுந்த வெயில், பூவரசு இலையின் வாசனை, இவை எல்லாம் அழகானது பின்னால்தான்.

தேசிங்கு கதை முதல் பாதியில் அப்படி ஒரு கதைதான். பையன் குதிரை ஏறுகிறான், ஆளாகிறான். ஆனால் திரும்பிப் பார்க்க அவன் இல்லை. நாற்பது வயதில் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நான் டில்லியில் குதிரை ஏறின அன்றைக்கு என்று அவன் ஆரம்பிக்கவில்லை. அவனுக்குப் பதிலாக மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டுக் கட்டினவர்கள், விடிய விடிய ஆடிய கூத்துக்காரர்கள், பெரிய எழுத்தில் அச்சடித்தவர்கள், எங்கள் தாத்தா. 300 ஆண்டுக்கு மேல் ஆகிறது. இன்னும் முடியவில்லை. அதனால்தான் இந்தக் கதையைக் கேட்டால் நம் வீட்டில் யாரோ சின்ன வயதில் போய்விட்ட மாதிரி இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அவளுக்கோ அதுவும் இல்லை. அவன் 22 என்றால் அவள் இன்னும் சின்னவளாகத்தான் இருந்திருப்பாள். ராணிபாய் என்கிறோம். அது பெயரே இல்லையே. ராணி என்பது ஒரு இடம், பாய் என்பது ஒரு மரியாதை. அவள் நினைவாகத்தான் நவாப் ஓர் ஊரை உண்டாக்கினார் என்று சொல்வார்கள். அந்த ஊருக்கும் ராணிப்பேட்டை என்றே பெயர். அவள் அம்மா அவளை என்ன சொல்லிக் கூப்பிட்டாள்? என்ன விளையாடினாள்? அவள் எந்தக் குதிரையையாவது தொட்டுப் பார்த்திருப்பாளா? கதையில் அவள் வருவது திரை போட்ட பிறகுதான். போவது தீயில். இரண்டுக்கும் நடுவில் ஒரு கை வெளியே வந்து வெற்றிலை கொடுக்கிறது.

அந்தக் கையாக இருந்தவள் நான். ஒரு கோடைக்குப் பத்து முறையாவது கொடுத்திருப்பேன்.

ராத்திரி சாப்பிடும்போது அண்ணனிடம் கேட்டேன்: "ஒரு தடவகூட என்ன குதிரையா விடலியே, ஏண்ணே?"

சட்டென்று சாப்பாட்டை நிறுத்திவிட்டான். "அதை இன்னுமா வச்சிருக்க? அப்பவே அழுது கிழுது கேட்டிருக்கலாம் இல்ல."

"அழுதேன்."

அண்ணன் என்னைப் பார்த்தான். "களத்துமேட்டுல இருந்தா எங்களுக்கு எங்க கேட்கும்" என்று மெதுவாகச் சொன்னான். என் இலையில் இன்னொரு அப்பளத்தை வைத்தான்.

நான்காம் நாள், ஞாயிறு மதியம்

இன்று ஊருக்குத் திரும்ப வேண்டும். பேருந்துக்குக் காத்திருக்கும்போது எழுதுகிறேன். மாமனும் மருமகனும் டீ குடிக்கப் போயிருக்கிறார்கள்.

காலையில் மகன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். அண்ணனுக்கு முட்டி வீங்கியிருந்தது. நான் கிருஷ்ணகிரி போய்வருகிறேன் என்றேன். "தனியாவா?" என்று கேட்டவன், நான் சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டுவதைப் பார்த்துவிட்டு, "அடிவாரம்வரைக்கும் வர்றேன்" என்று கூடவே வந்தான்.

கிருஷ்ணகிரியை ராணிக்கோட்டை என்றும் சொல்வார்கள். ராஜகிரியைவிட உயரம் குறைவு, கூட்டமும் குறைவு. காலை 9 மணிக்கு நான் ஒருத்திதான் ஏறினேன். படிகள் செங்குத்தாக, பாறையோடு பாறையாகப் போகின்றன. இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். ஒரு சீத்தாச் செடியின் நிழலில் குரங்கு ஒன்று குட்டியோடு இருந்தது, என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. மேலே களஞ்சியங்கள், எண்ணெயும் நெய்யும் சேர்த்து வைக்கப் பாறையில் கட்டிய தொட்டிகள், பாழடைந்த ஒரு கோயில். அப்புறம் அந்தக் கொலு மண்டபம். குவிமாடக் கூரை, நாலு பக்கமும் வளைவுகள். காற்று ஒரு வளைவில் நுழைந்து மறு வளைவில் போகிறது. வேர்த்த உடம்புக்கு அந்தக் காற்று எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

எதிரே ராஜகிரி முழுசாகத் தெரிந்தது. நேற்று முன்தினம் நாங்கள் நின்ற மணிக்கூண்டு ஒரு சின்னக் குச்சி மாதிரி. இங்கிருந்து பார்த்தால் கோட்டை முழுவதும் தெரிகிறது. மதில் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, வாசல் எது, குளம் எது, கிழக்கே ஆற்றுப் பக்கம் போகும் வழி எது. போருக்குக் குதிரைகள் கிளம்பிப் போனால் இங்கே நிற்கிறவர்களுக்குக் கடைசிப் புழுதிவரை தெரிந்திருக்கும். அவள் இங்கே ஒரு தடவையாவது ஏறியிருப்பாள் என்று எனக்கு ஆசையாக இருந்தது. எந்தத் தூணிலும் நான் இன்று ஓட்டை தேடவில்லை.

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"எங்கண்ணே நிக்கற?"

"ரோட்டாண்ட, புளியமரத்துக்குக் கீழ. நீ எங்க?"

"மண்டபத்து விளிம்புல. தெரியுதா?"

"தெரியலியே. கண்ணாடி எடுத்துட்டு வரல. இரு, நான் துண்ட ஆட்டறேன், நீ என்னப் பாரு."

சாலையோரத்தில் மரங்களுக்கு நடுவே தேடினேன். ஒரு லாரி போனது, இரண்டு வண்டி போனது. அப்புறம் பச்சைக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஏதோ அசைந்தது.

"பாத்துட்டேன்!" என்று கத்தினேன். போன் கையில் இருப்பதே மறந்துபோயிற்று. இடுப்பில் இருந்த துப்பட்டாவை அவிழ்த்து இரண்டு கையாலும் தலைக்கு மேல் வீசினேன். சிவப்புத் துப்பட்டா. காற்று அதை என் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தது.

"ஆங், தெரியுது, தெரியுது பாப்பா" என்றான் அண்ணன். மூச்சு வாங்கியது அவனுக்கு, ஏறினவன் அவன் மாதிரி. "உடனே இறங்காத. அங்கியே நில்லு கொஞ்ச நேரம்."